ஹாலுக்குள் ஒரு திமிங்கலம்

எங்கள் டிவி உயிரை விட்ட அன்று நான் ஒரு முடிவுக்கு வந்தேன். இனி இந்த வீட்டில் டிவி கிடையாது. புரொஜெக்டர்தான்.

இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். கல்யாணமான ஆண் சொந்தமாக எடுக்கக்கூடிய முடிவுகள் ரொம்பக் குறைவு. வகிடு எந்தப் பக்கம் என்பது ஒன்று. எனக்கு முடி கொட்டிப் போனதும் அந்த அதிகாரமும் கையை விட்டுப் போய்விட்டது. எங்கள் வீட்டு சோபா, கட்டில், வாசல் மிதியடி எல்லாம் என் மனைவி தேர்ந்தெடுத்தவை. போகட்டும், இந்த ஒரு பொருளையாவது நான் தேர்ந்தெடுப்பேன் என்று, அணைந்து கிடந்த டிவியின் கறுப்பில் தெரிந்த என் முகத்தைப் பார்த்துச் சபதம் செய்துகொண்டேன்.

எனக்குத் தகுதியும் உண்டு. நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் உட்கார வைப்பது என் வேலை. வெளிச்சம் எந்தப் பக்கம் வளையும், எங்கே போய்க் குவியும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. என் மனைவிக்கு ஒரு பயிற்சி நிலையத்தில் அலுவலக வேலை. அவளுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள சம்பந்தம், ரூமை விட்டு வரும்போது நான் லைட்டை அணைத்தேனா என்று கேட்பதோடு சரி. அப்படித்தான் நினைத்திருந்தேன்.

பத்து நாள் விவாதத்துக்குத் தயாராகத்தான் பேச்சை ஆரம்பித்தேன். டிவி என்பது கண்ணைக் குத்தும் வெளிச்சம், புரொஜெக்டர் என்பது சுவரில் பட்டுத் திரும்பி வரும் சாந்தமான வெளிச்சம், கண்ணுக்கு நல்லது என்று தொழில்முறையில் விளக்கினேன். லூமன் என்றால் என்ன, கான்ட்ராஸ்ட் என்றால் என்ன என்று சொன்னேன். கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு நான் முழுசாகச் சொல்லி முடித்த முதல் வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

"சரி, வாங்கலாம்" என்றாள்.

நான் அசந்துபோனேன். டிவிக்கென்று ஒதுக்கிய பணம் இருக்கிறது, எது வாங்கினாலும் அதற்குள் அடங்க வேண்டும், அதற்கு மேல் ஒரு காசு கிடையாது என்றாள். அவ்வளவுதான். வேறு நிபந்தனை இல்லை. எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. பூட்டியிருக்கிறது என்று நினைத்துக் கதவை முட்டப் போய், அது திறந்தே இருந்தால் முகம் குப்புற விழுவோமே, அந்த மாதிரி.

"புரொஜெக்டர் மட்டும் போதாதும்மா. ஸ்கிரீனும் வாங்கணும்" என்றேன்.

"ஆமாங்க. ஸ்கிரீன் இல்லாம எப்படி? நானே பார்த்து வாங்கிட்டு வர்றேன்" என்றாள்.

என்ன ஒத்துழைப்பு என்று பூரித்துப் போனேன். மறுநாள் சாயங்காலம் பெரிய பார்சலோடு வந்தாள். பிரித்தால், ஜன்னல் ஸ்கிரீன். தடித் துணி, சாம்பல் நிறம், ஓரத்தில் பட்டை வைத்துத் தைத்தது. ஹாலில் இருந்த எல்லா ஜன்னலுக்கும், போதாததற்கு வாசற்கதவுக்கும் ஒன்று. ஜன்னலுக்குத் துணி வேண்டும் என்று அவள் முன்பு கேட்டபோதெல்லாம், காற்று வராது என்று நான் தட்டிக்கழித்திருந்தேன்.

நான் சொன்னது படம் விழுகிற ஸ்கிரீன் என்று பொறுமையாக விளக்கினேன். அவள் முகம் வாடிவிட்டது. எனக்கு அதெல்லாம் என்னங்க தெரியும், நீங்கள் ஸ்கிரீன் என்றீர்கள், நான் ஸ்கிரீன் வாங்கினேன் என்றாள். அளவெடுத்து வெட்டிய துணியைக் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டாராம். தப்பு என் மேல்தான். துணிக்கும் திரைக்கும் ஒரே பேரை வைத்துக்கொண்டு எப்படித்தான் நாம் இத்தனை நாள் குடும்பம் நடத்தினோமோ தெரியவில்லை.

ஆனால் அதை மாட்டிய பிறகு, பட்டப்பகலில் எங்கள் ஹால் குகை மாதிரி இருண்டது. புரொஜெக்டருக்கு இருட்டுதான் உயிர். நல்லதாகத்தான் போயிற்று என்று அவளைத் தட்டிக்கொடுத்தேன். அவளும் தட்டிக்கொடுக்க இடம் கொடுத்தாள்.

இப்போது படம் விழும் ஸ்கிரீனுக்குப் பணம் இல்லை. சுவரில்தான் படத்தை விழவைக்க வேண்டும். எங்கள் ஹால் சுவரை நீங்கள் பார்த்ததில்லை. முன்னால் இருந்தவர்கள் அடித்த பச்சை. அதன் மேல் ஈரம் இறங்கி, ஒட்டகம் படுத்த மாதிரி ஒரு கறை. ஆணி அடித்துப் பிடுங்கிய ஓட்டைகள். இந்தச் சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று என் மனைவி குடிவந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் மழை முடியட்டும், வெயில் முடியட்டும் என்று பருவத்துக்கு ஒரு காரணம் வைத்திருந்தேன்.

இந்தத் தடவை அவள் வாயையே திறக்கவில்லை. சுவரைப் பார்த்து, "ஒட்டகம் மேல படம் விழுந்தா எப்படிங்க தெரியும்?" என்று மட்டும் கேட்டாள். தெரிந்துகொள்ளும் ஆசையில் ஒரு மாணவி கேட்பது போலத்தான் கேட்டாள்.

அடுத்த விடுமுறையில் நான் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். பட்டி பூசினேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். லென்ஸ் தேய்த்த கை இல்லையா, கண்ணாடி மாதிரி வந்தது. பளபளப்பில்லாத வெள்ளை அடித்தேன். அடித்து முடித்து எட்ட நின்று பார்த்தபோது, மற்ற மூன்று சுவரும் பிச்சை எடுக்க வந்த மாதிரி நின்றன. அது மட்டுமில்லை. சுற்றியிருக்கும் சுவர் பச்சையாக இருந்தால் அந்தப் பச்சை படத்தில் ஏறிவிடும் என்று எங்கோ படித்தேன். அதை அவளிடம் நானே சொன்னேன். அப்படியா, அடடா, அப்போது என்ன செய்வது என்று கவலைப்பட்டாள். என்ன செய்வது, நாலு சுவரையும் அடித்தேன். முதுகு வில்லாக வளைந்துபோனது. அவள் தைலம் தேய்த்துவிட்டாள். இவ்வளவு பாசம் காட்டுகிறாளே என்று எனக்குக் கண் கலங்கியது. தைலத்தின் காரமாகவும் இருக்கலாம்.

அப்புறம் தூரம். புரொஜெக்டருக்கும் சுவருக்கும் நடுவே தேவையான தூரம் விட வேண்டும். கிட்டத்தில் வைத்தால் படம் குட்டியாகிவிடும். நாடாவைப் பிடித்து அளந்தேன். சரியாக அந்த இடத்தில் என் அலமாரி நின்றது. என் அலமாரி என்றால், ஓடாத ரேடியோ, எதற்கென்று தெரியாத வயர், ஒற்றைக் காலுடைய ஃபிரேம்கள், இன்னொரு நாள் உதவும் என்று நான் சேர்த்து வைத்த எல்லாம் அடங்கிய கருவூலம். அதைக் கிளப்பச் சொல்லி அவள் கெஞ்சியிருக்கிறாள், சண்டை போட்டிருக்கிறாள், ஒரு தடவை அம்மா வீட்டுக்குக்கூடப் போயிருக்கிறாள். நான் அசையவில்லை. அலமாரியும்தான்.

இப்போது நாடாவின் நுனியைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னது ஒன்றே ஒன்று. "பரவாயில்லைங்க. படம் கொஞ்சம் சின்னதா இருந்தா இருக்கட்டும். நீங்க ஆசையா வெச்சிருக்கற பொருள்."

சின்னப் படமா? அதற்கா நான் இவ்வளவு பாடுபட்டேன்? பழைய சாமான்காரரை நானே கூப்பிட்டேன். நானே ஒரு பக்கம் தூக்கிக் கொடுத்தேன்.

கீழ்வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுப்பவர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்தே பழகியவர் என்பதால் அவரை எல்லோரும் பிரேக் அண்ணன் என்போம். அலமாரி படியிறங்குவதைப் பார்த்து வாசலுக்கு வந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"வீட்ல ஒண்ணுமே கேக்கலையா தம்பி?"

"ஒண்ணுமே கேக்கலை அண்ணே. அவ்வளவு நல்ல மாதிரி."

"அதுதான் எனக்குப் பயமா இருக்கு" என்றார். "எதிர்ல வண்டியே இல்லைன்னா ரோடு நல்லாயிருக்குன்னு அர்த்தம் இல்லை. ஒன்வேயில தப்பா வந்துட்டோம்னும் இருக்கலாம்."

பொறாமை என்று நினைத்தேன். அவர் வீட்டில் டிவி ரொம்பச் சின்னது.

கடைசியில் நல்ல நாள் ஒன்றில் இருவரும் கடைக்குப் போனோம். புரொஜெக்டருக்கென்று தனியாக ஓர் அறை வைத்திருந்தார்கள். கறுப்புச் சுவர், கறுப்புக் கம்பளம், நாலே நாலு நாற்காலி. டை கட்டிய விற்பனையாளர் எங்களை உட்கார வைத்து விளக்கை அணைத்தார்.

முதலில் எதுவும் இல்லை. வெறும் கறுப்பு. பிறகு அந்தக் கறுப்பே மெல்ல நீலமானது. நீலம் அசைந்தது. எங்கோ ஆழத்திலிருந்து ஒரு நீண்ட முனகல், காதில் விழுவதற்கு முன்னால் நெஞ்சில் விழுந்தது. இடது பக்கமிருந்து ஒரு திமிங்கலம் வந்தது. வந்துகொண்டே இருந்தது. எங்கள் வீட்டுக்குள் அடங்காத ஓர் உயிர், அவசரமே இல்லாமல், எங்கள் தலைக்கு மேலே போவது போலப் போனது. நடுவில் அதன் கண் வந்தது. வாஷ்பேசின் அளவுக்கு ஒரு கண், சுற்றிலும் சுருக்கம் விழுந்து, ஈரமாக, எதையோ ரொம்ப நாளாகத் தெரிந்துவைத்திருப்பது போல. அது என்னைப் பார்த்தது. நாள் முழுக்கக் கண்ணோடு பழகுகிற தொழில் என்னுடையது. இப்படி ஒரு கண்ணை நான் பார்த்ததில்லை. அதற்கு என்ன பவர் இருக்கும் என்றுகூட யோசிக்கத் தோன்றவில்லை. கைப்பிடியைப் பிடித்திருந்தேன் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அது என் மனைவியின் மணிக்கட்டு.

விளக்கு எரிந்தது. விற்பனையாளர் விலையைச் சொன்னார். திமிங்கலம் மூழ்கிவிட்டது. கூடவே நானும்.

எங்கள் பணத்துக்கு வேறு ஒன்று இருக்கிறது என்று அவர் ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். பெட்டி முழுக்க எண்கள். ஒவ்வொரு எண்ணின் பின்னாலும் பூஜ்யங்கள் ரயில் பெட்டி மாதிரி தொடர்ந்தன. மறுபடி விளக்கை அணைத்துப் போட்டுக் காட்டினார். அதே திமிங்கலம், கொஞ்சம் சோகையாக. இருந்தாலும் திமிங்கலம் திமிங்கலம்தானே. இதையே எடுத்துக்கொள்கிறோம் என்று நான் வாயைத் திறந்தேன்.

"லைட்டைப் போடுங்க" என்றாள் என் மனைவி.

விற்பனையாளர் தயங்கினார். புரொஜெக்டரை இருட்டில்தான் பார்க்க வேண்டும் என்றார். எங்கள் வீட்டில் படத்துக்கு நடுவில் யாராவது தண்ணீர் குடிக்கப் போவார்கள், அப்போது சமையலறை லைட் எரியும், அதனால்தான் கேட்கிறேன் என்றாள். ஒரே ஒரு விளக்கைப் போட்டார். திமிங்கலம் போயே போய்விட்டது. சுவரில் லேசாக ஏதோ அழுக்கு மாதிரி தெரிந்தது.

அடுத்து, எழுத்து ஏதாவது காட்டச் சொன்னாள். காட்டினார். நடுவில் இருந்த எழுத்து தெளிவாக இருந்தது, ஓரத்தில் இருந்தவை கண்ணாடி போடாதவர் பார்க்கிற மாதிரி கலங்கிக் கிடந்தன. எனக்குச் சுருக்கென்றது. தினமும் கடைக்கு வருகிறவர்களை எழுத்துப் பலகை முன்னால் உட்கார வைக்கிறவன் நான். எனக்குத் தோன்றவே இல்லை.

அதற்குப் பிறகு அவள் கேட்டதை எல்லாம் நான் பக்கத்து நாற்காலியிலிருந்து, வேறு யார் வீட்டு மனைவியையோ பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டியில் போட்டிருப்பது இருக்கட்டும், உள்ளே இருக்கும் சிப் உண்மையில் எத்தனை புள்ளி காட்டும்? விளக்கு மாற்றுகிற மாதிரியா, அப்படியே உழைக்கிற மாதிரியா? தூசி வடிகட்டியைக் கழற்றித் துடைக்க முடியுமா? காற்றாடிச் சத்தம் எவ்வளவு, சவுண்டை நிறுத்துங்கள், கேட்கிறேன். ஒவ்வொரு கேள்விக்கும் விற்பனையாளர் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தார். கடைசியில் டையைச் சரிசெய்துகொண்டார்.

"மேடம் இந்த லைன்லயே இருக்கீங்களா?" என்று கேட்டார்.

"இல்லைங்க. பயிற்சி நிலையத்துல ஹால்களைப் பார்த்துக்கறேன். ஹாலுக்கு ஹால் ஒரு புரொஜெக்டர். வாங்கறது, மாட்டறது, கெட்டுப்போனா திட்டறது எல்லாம் நான்தான்."

நான் அவள் பக்கம் திரும்பினேன். எத்தனை வருஷமாக என்று கேட்டேன். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே என்றாள்.

"என்கிட்ட சொல்லவே இல்லையே."

"நீங்க கேக்கவே இல்லையே. அதுவும் இல்லாம, லூமனைப் பத்தி நீங்க அவ்வளவு அழகாச் சொல்லிட்டிருந்தீங்க. கெடுக்க மனசு வரலை."

போன வருஷத்து மாடலில் காட்சிக்கு வைத்திருந்தது ஏதாவது இருக்குமே என்று அவளே கேட்டு, உள்ளேயிருந்து ஒன்றை வரவழைத்தாள். வெளியே ஒரு சின்னக் கீறல். உள்ளே குறையில்லை. லைட் எரியும்போதும் திமிங்கலம் மூழ்கவில்லை. புதுசுக்கு உண்டான உத்தரவாதமே இதற்கும் உண்டு என்று பில்லில் எழுதி வாங்கினாள். விலை எங்கள் பணத்துக்குள் அடங்கியது. பெட்டியைத் தூக்கும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. கிளம்பும்போது விற்பனையாளரிடம் தனியாக ஏதோ சொல்லி, சின்னதாக ஒன்றை வாங்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் ஹாலில் எல்லாம் தயார். படம் ஒரு பக்கம் இறங்கிச் சாய்ந்திருந்தது. நான் பட்டன்களை அழுத்திப் போராடிக்கொண்டிருந்தேன். அவள் வந்து புரொஜெக்டர் இருந்த ஸ்டூலை ஒரு விரற்கடை நகர்த்தினாள். படம் நேராக நிமிர்ந்தது. கைப்பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்துச் செருகினாள். ஜன்னல் துணியை இழுத்துவிட்டு, ஸ்விட்ச்சை அணைத்துவிட்டு, தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஒட்டகம் படுத்திருந்த இடத்தில் நீலம் பரவியது.

திமிங்கலம் வந்தது. எங்கள் ஹாலுக்கு. நான் சுரண்டி, பூசி, தேய்த்த சுவரில் அதன் தோலின் ஒவ்வொரு கோடும் தெரிந்தது. கடையில் நான் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்ததை அவள் பார்த்திருக்கிறாள். அதற்காகவே அந்தப் படத்தைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறாள். அலுவலகத்தில் தினமும் இதே பெட்டிகளோடு மல்லுக்கட்டுகிறவள்தான். ஆனாலும் அந்தப் பெரிய வால் திரும்பியபோது, தண்ணீர் தெறிக்கும் என்று பயந்தவள் போல முகத்தை என் தோளில் புதைத்துக்கொண்டாள். நீல வெளிச்சம் அவள் நெற்றியில் அலையடித்தது. இத்தனை வருஷம் இந்த முகத்தை நான் போதிய தூரத்தில் வைத்துப் பார்க்கவில்லையோ என்று தோன்றியது.

சத்தம் கேட்டு பிரேக் அண்ணனும் அவர் மனைவியும் மேலே வந்தார்கள். அண்ணன் திமிங்கலத்தைப் பார்த்துத் தரையில் அனிச்சையாகக் காலை அழுத்தினார். அவர் மனைவி திமிங்கலத்தைப் பார்க்கவே இல்லை. லைட்டைப் போடச் சொல்லி ஹாலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஜன்னல் துணியைத் தடவினார். சுவரைத் தடவினார். அலமாரி இருந்த இடத்தில் நின்று கையை விரித்து ஒரு சுற்றுச் சுற்றினார். வீடே புதுசாகிவிட்டதே, இத்தனையும் செய்ய இவரை எப்படிச் சம்மதிக்க வைத்தாய் என்று என் மனைவியிடம் கேட்டார்.

"நான் ஒண்ணுமே சொல்லலை அக்கா" என்றாள் அவள். "எல்லாம் அவரே ஆசைப்பட்டுச் செஞ்சார்."

அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. நான் துணியைப் பார்த்தேன், சுவரைப் பார்த்தேன், காலி இடத்தைப் பார்த்தேன். வருஷக்கணக்காக அவள் வாயால் கேட்டு நடக்காத மூன்றும் ஒரே மாதத்தில், கேட்காமலே நடந்திருந்தன. அண்ணன் என்னைப் பார்த்தார். நான் திமிங்கலத்தைப் பார்த்தேன். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அந்தப் பெரிய கண்ணுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது என்ன வந்ததோ அதுதான் வந்தது.

மறுநாள் காலையில் அவள் சமையலறையில் நின்று, புகை படிந்த சுவரை யோசனையோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, சமைக்கும்போது இங்கேயும் ஒரு சின்னப் படம் விழுந்தா எவ்வளவு நல்லாயிருக்கும்" என்றாள்.

எனக்கு இப்போது எல்லாம் புரிந்துவிட்டது. இனி என்னை யாரும் ஏமாற்ற முடியாது. அதனால், உப்புத்தாள் எந்தப் பையில் இருக்கிறது என்று மட்டும் கேட்டேன்.